மைனஸ் குளிரில் லோடு வண்டி: ராத்திரி பூரா ஓட விடுவதா, ஹீட்டர் மாட்டுவதா?

ஐப்பசி பிறந்தாலே நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஓனர்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள். "வண்டி ஸ்ரீநகர் போகுதுங்க, ஆப்பிள் ஏத்திட்டு வரணும். ராத்திரி பூரா எஞ்சினை ஓட விடச் சொல்லட்டுங்களா, இல்ல ஹீட்டர் ஏதாச்சும் மாட்டிரலாங்களா?" இன்னும் சிலருக்கு லே, கார்கில், திராஸ் வரைக்கும் லோடு இருக்கிறது, போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கு வடக்கே வேலை இருக்கிறது. நாமக்கல்லைத் தொட்டுப் போகிற 44-ஆம் நெடுஞ்சாலையின் அந்தப்பக்க முனை ஸ்ரீநகர்தான். அதனால் மார்கழியில் காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டர் போட்டுப் பழகிய நம்ம டிரைவர்கள், மைனஸ் பத்து இருபது டிகிரியில் விடியற்காலை செல்ஃப் அடிக்க வேண்டிய நிலைமை நிஜமாகவே வருகிறது.

என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? வருசத்துக்கு எத்தனை ராத்திரி அப்படி நிற்கும்? பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

## முதலில், எது மக்கர் செய்கிறது என்று பாருங்கள்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கி, அந்த அமுக்கத்தில் பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சில்லிட்டுப்போன சிலிண்டர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ரிங் வழியாகக் காற்று கசிந்து அமுக்கமும் குறையும். லே கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அமுக்குவதற்குக் காற்றே குறைவு.

டிரைவர் போன் செய்து "ஸ்டார்ட் ஆகலீங்ணா" என்றால், போனை எஞ்சின் பக்கம் காட்டச் சொல்லிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 'டொக்' என்று நின்றாலோ, 'ர்ர்ர்... ர்ர்ர்...' என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலோ பேட்டரியும் கெட்டியான ஆயிலும் காரணம். எஞ்சின் நன்றாகச் சுற்றி, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வந்து, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் உள்ளே போகிறது, சிலிண்டரில்தான் சூடு பற்றவில்லை. ஸ்டார்ட் ஆகி இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிட்டு அப்படியே அணைந்தால், லைனில் மிச்சமிருந்த டீசலில் ஓடியிருக்கிறது, டேங்க்கிலோ ஃபில்டரிலோ டீசல் உறைந்துவிட்டது. மூன்றும் வேறு வேறு நோய். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

உறைந்த டீசலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் பாட்டிலுக்குள் முதலில் கலங்கி, அப்புறம் வெள்ளையாகக் கட்டுமே, அதே மாதிரிதான். டீசலில் இருக்கிற மெழுகு முதலில் பொடிப்பொடியாகப் பிரிந்து புகைபோலக் கலங்கும். ஃபில்டரைக் கழற்றினால் காகித மடிப்பெல்லாம் வெண்ணெய் பூசியதுபோல மூடியிருக்கும். அந்த நேரத்தில் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் பம்ப்பை) எவ்வளவு அடித்தாலும் கை வலிதான் மிச்சம்.

## எதை வைத்து முடிவு செய்வது

மேலே சொன்ன மூன்றில் எதைச் சரிசெய்கிறது என்பது முதல் அளவுகோல். ஒரு ராத்திரிக்கு என்ன செலவு, ஒரே தடவைச் செலவு எவ்வளவு, அது எத்தனை ராத்திரியில் திரும்பி வரும் என்பது அடுத்தது. வண்டி பிஎஸ்-6-ஆ (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்ததா) பழசா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி தாங்கிய பல வைத்தியங்களைப் புது வண்டி தாங்காது. கடைசியாக எழுதினாலும் நான் முதலில் வைப்பது, அந்தக் கேபினில் தூங்குகிற ஆள் காலையில் பத்திரமாக எழுந்திருப்பாரா என்பதை.

| வழி | எதைச் சரிசெய்யும் | ராத்திரிச் செலவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| எஞ்சினை ஓட விடுவது | மூன்றையும் ஓரளவு | 15 முதல் 30 லிட்டர் டீசல் | கரி, ஆயில் கெடுதல், புகை ஆபத்து | வருசத்தில் சில ராத்திரி மட்டும் போகிறவர்கள் |
| குளிர்கால டீசல், உறைதடுப்பு மருந்து | டீசலை மட்டும் | குறைவு | கலந்தால் தரம் போய்விடும் | மேலே ஏறும் எல்லோரும் |
| டீசலில் எரியும் வாட்டர் ஹீட்டர் | எஞ்சின், ஆயில், சிலிண்டர் | ஒரு லிட்டருக்குள் | பேட்டரி, உயரத்துக்கான செட்டிங், சர்வீஸ் | சீசன் முழுக்க ஓட்டுகிறவர்கள் |
| கரண்டில் ஓடும் பிளாக் ஹீட்டர் | எஞ்சின், ஆயில், சிலிண்டர் | சில யூனிட் கரண்ட் | பிளக் பாயின்ட் இல்லாவிட்டால் பயனில்லை | ஒரே இடத்தில் நிற்கும் ஜெனரேட்டர், ஷெட் வண்டி |
| ஈதர் ஸ்ப்ரே (காற்றுக் குழாயில் அடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) | சிலிண்டரை மட்டும் | அற்பம் | ரிங், பிஸ்டன், சில சமயம் எஞ்சினே | லாரிக்கு வேண்டாம் |

## எந்த வழி எடுத்தாலும் ஊரிலேயே முடிக்க வேண்டியது

இதைச் செய்யாமல் ஹீட்டர் வாங்குவது வீண். கேட்கிறவர்களில் நிறையப் பேருக்கு இது மட்டுமே போதும். ஸ்ரீநகரில் டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் 'சில்லை கலான்' என்று கடுங்குளிர் காலம். அப்போதும் ராத்திரி பெரும்பாலும் மைனஸ் ஐந்தை ஒட்டித்தான் இருக்கும், சில ராத்திரி அதற்கும் கீழே இறங்கும். ஆரோக்கியமான வண்டி அதைத் தாங்கிவிடும்.

கூலன்ட் முதலில். நம்ம பக்கம் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற வண்டிகள் இன்னும் உண்டு, இங்கே ஒன்றும் ஆகாது. அங்கே ஒரே ராத்திரி போதும். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், கோர் பிளக் (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி) பிதுங்கும், இல்லையென்றால் பிளாக்கே வெடிக்கும். கூலன்ட்டும் சுத்த நீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். இன்னும் நல்லதென்று முழுக்கக் கூலன்ட்டை மட்டும் ஊற்றாதீர்கள், தண்ணீர் கலக்காத கிளைக்கால் (கூலன்ட்டின் மூலப்பொருள்) மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும். இன்னொன்று, வழியில் சூடேறியபோது டிரைவர் ஊற்றிய வெறும் தண்ணீர் கலவையை நீர்க்க வைக்கும். மூன்றில் ஒரு பங்குதான் கூலன்ட் என்றால் மைனஸ் 17 பக்கமே எல்லை. ஜம்மு தாண்டுவதற்குள் ரீஃப்ராக்டோமீட்டரில் (கலவை எந்தக் குளிர் வரை தாங்கும் என்று காட்டும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஆயில் டப்பாவில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குறையக் குறைய குளிரில் இளக்கமாக இருக்கும். 15டபிள்யூ-40 மைனஸ் 20 வரை எஞ்சினைச் சுற்ற விடும், மைனஸ் 25 வரை பம்ப் இழுக்கும். காஷ்மீர் பள்ளத்தாக்குக்கு அது போதும். திராஸ், லே என்றால் 10டபிள்யூ அல்லது 5டபிள்யூ, அதுவும் உங்கள் எஞ்சின் கம்பெனி ஒத்துக்கொண்ட தரத்தில். விலை கூடுதல்தான். பழைய வண்டியில் 20டபிள்யூ-40 ஓடுகிறது என்றால் மைனஸ் 15-க்குக் கீழே அதை நம்பக் கூடாது.

பேட்டரி விஷயத்தில் கணக்கு இரண்டு பக்கமும் அடிக்கும். நல்ல பேட்டரியே பூஜ்யம் டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் தரும், மைனஸ் 18-இல் பாதிகூட இல்லை. அதே நேரத்தில் கெட்டியான ஆயிலை எதிர்த்துச் சுற்ற எஞ்சினுக்கு இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். நம்ம வெயிலில் மூன்று வருசம் ஓடிய பேட்டரி ஊருக்குள் ஒழுங்காகத்தான் ஸ்டார்ட் செய்யும், அதனால் யாரும் மாற்றுவதில்லை. இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸில் இருக்கிற வண்டியில் ஒன்று சோர்ந்தாலும் இரண்டும் சோர்ந்த மாதிரிதான், மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். முழுச் சார்ஜில் இருக்கிற பேட்டரி உறையாது. இறங்கிப்போன பேட்டரி மைனஸ் பத்துக்குள்ளேயே உறையும். உறைந்த பேட்டரிக்கு ஜம்பர் போட்டால் வெடிக்கலாம், அதை டிரைவருக்கு வாயால் சொல்லி அனுப்புங்கள்.

## குளிர்கால டீசலும் உறைதடுப்பு மருந்தும்

இது மற்ற வழிகளுக்கு மாற்று இல்லை, எல்லாவற்றுக்கும் அடித்தளம். நம் நாட்டு டீசல் தர விதியில், குளிரில் ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடைக்கு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6 டிகிரி வரை இருக்கலாம். இரண்டுமே பூஜ்யத்துக்கு மேலே! நடைமுறையில் பங்க்கில் வருவது இதைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சமவெளி டீசல் மைனஸ் பத்துக்காகச் செய்யப்பட்டது இல்லை. லடாக்குக்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 வரை ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது, பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்தது.

இதில் நம்ம ஓனர்கள் செய்கிற வழக்கமான சிக்கனம்தான் வினையாகிறது. எங்கே விலை குறைவோ அங்கே இரண்டு டேங்க்கையும் நிரப்பிக்கொண்டு மேலே ஏறுவது. முந்நூறு, நானூறு லிட்டர் சமவெளி டீசலோடு போய் அங்கே ஐம்பது லிட்டர் நல்ல டீசல் ஊற்றினால், கலந்து எல்லாமே சமவெளி டீசல் மாதிரியே நடந்துகொள்ளும். ஏறும்போது டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்படி கணக்குப் போட்டு ஓட்டி, மேலே இருக்கிற பங்க்கில் அந்த ஊர் டீசலை நிரப்புங்கள். லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடப் போனால் போகட்டும்.

உறைதடுப்பு மருந்தை டீசல் கலங்குவதற்கு முன்னால், டேங்க் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றி, அதற்கு மேல் டீசல் அடித்துக் கலக்க வேண்டும். மெழுகு கட்டிய பிறகு ஊற்றினால் பயன் இல்லை, கட்டிய மெழுகை அது கரைக்காது. கூடவே ஒரு புது டீசல் ஃபில்டரைக் கேபினுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வெளிப் பெட்டியில் வேண்டாம். வாட்டர் செப்பரேட்டரில் தேங்கிய தண்ணீரைத் தினமும் சாயங்காலம் வண்டி சூடாக இருக்கும்போதே திறந்து விட்டுவிட வேண்டும். பல சமயம் டீசலுக்கு முன்னால் உறைவது அந்தத் தண்ணீர்தான்.

## ராத்திரி முழுக்க எஞ்சினை ஓட விடுவது

எல்லோருக்கும் தெரிந்த வழி. எதுவும் வாங்க வேண்டாம், எதையும் மாட்ட வேண்டாம். ஆறு சிலிண்டர் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 20 லிட்டர் என்று வைத்து, லிட்டர் 90 ரூபாய் போட்டாலும் ஒரு ராத்திரிக்கு 1,800 ரூபாய். வருசத்துக்கு இரண்டு மூன்று ட்ரிப், ட்ரிப்புக்கு இரண்டு ராத்திரி குளிரில் நிற்கும் என்றால் இதுவே உங்களுக்கு மலிவான வழி. தயங்காமல் இதையே செய்யுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் அடுத்து வரும். ஸ்லோவில் ஓடும் எஞ்சின் கடுங்குளிரில் சூடே ஆகாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும், பிஎஸ்-6 வண்டியில் புகை வடிகட்டியில் கரி சேரும், மறுநாள் ஏற்றத்தில் வண்டி ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) கேட்டு லைட் போடும். கையால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கி 900, 1,000 ஆர்பிஎம்மில் வைத்து, ரேடியேட்டர் முன்னால் தார்ப்பாயோ அட்டையோ கட்டினால் ஓரளவு தணியும். காலையில் நகர்த்தும்போது அதை அவிழ்க்க மறக்கக் கூடாது.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அரை மணி ஓட விட்டு அணைப்பது சிக்கனம் என்று சிலர் சொல்கிறார்கள். டீசல் மிச்சமாகும், டிரைவரின் தூக்கம் போகும். தூக்கமில்லாத ஆள் பனிக்கெட்டி படிந்த மலைப்பாதையில் இருபது டன்னோடு இறங்குகிறார். அந்தச் சிக்கனத்தை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

புகை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நிறுத்திய வண்டியைச் சுற்றிப் பனி ஏறி சைலன்சர் வாய் மூடினால், கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பனி விழும் ராத்திரியில் சைலன்சரைச் சுற்றித் தோண்டி விட வேண்டும், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். கேபினுக்குள் கரி அடுப்பும் கேஸ் அடுப்பும் கூடவே கூடாது.

## டீசலில் எரியும் ஹீட்டர்

இதில்தான் அதிகக் குழப்பம். கடைகளில் 'டீசல் ஹீட்டர்' என்று விற்பது இரண்டு வகை. ஒன்று ஏர் ஹீட்டர், கேபினுக்குள் சூடான காற்று ஊதும், டிரைவர் தூங்குவதற்கு. இன்னொன்று வாட்டர் ஹீட்டர், கூலன்ட் ஹோஸில் சேர்த்து எஞ்சினைச் சூடாக்கும். மலிவாகக் கிடைக்கிற சீன ஹீட்டர்களில் பெரும்பாலானவை ஏர் ஹீட்டர். அதை மாட்டிவிட்டு எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்கிறார்கள். கேபின் ஹீட்டர் எஞ்சினை ஒன்றும் செய்யாது.

வெபாஸ்டோ, எபர்ஸ்பேகர் மாதிரி கம்பெனிகளின் 5 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே குடிக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டைமரில் போட்டால் பிளாக் வெதுவெதுப்பாகி, ஆயில் இளகி, இரண்டாவது சுற்றிலேயே பிடிக்கும், எஞ்சின் தேய்மானமும் குறையும். ராத்திரி கேபினுக்கு ஏர் ஹீட்டர் தனியாக ஓடினால் அதற்கு இரண்டரை லிட்டருக்குள். ஆக மூன்று லிட்டரில் ராத்திரி முடிகிறது, ஓட விடுவதோடு ஒப்பிட்டால் ராத்திரிக்கு 1,500 ரூபாய் மிச்சம். வருசத்துக்குப் பத்து ராத்திரி என்றால் 15,000. அறுபது ராத்திரி என்றால் 90,000. நல்ல ஹீட்டரின் விலையையும் மாட்டுக்கூலியையும் எழுதி இதால் வகுத்துப் பாருங்கள், உங்களுக்கு ஒத்து வருமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விற்பவர் சொல்லாதது சில உண்டு. ஹீட்டர் டேங்க்கைச் சூடாக்காது, குளிர்கால டீசல் அப்போதும் வேண்டும், ஹீட்டருக்கே உறையாத டீசல் வேண்டும். உயரத்தில் காற்று மெலிவதால் சாதாரண செட்டிங்கில் கரி பிடித்து நின்றுவிடும், 1,500 மீட்டருக்கு மேலே பல மாடல்களுக்குத் தனி ஆல்டிட்யூட் கிட் வேண்டும். சோஜிலா கணவாயே 3,500 மீட்டருக்கு மேல், எனவே கிட் இல்லாமல் வாங்காதீர்கள். அது வண்டிப் பேட்டரியில்தான் ஓடுகிறது, சோர்ந்த பேட்டரியில் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓட்டினால் காலையில் செல்ஃபுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஹீட்டரின் புகைக்குழாய் கேபினுக்கு அடியில் முடியக் கூடாது. ஊருக்கு வந்த பிறகு வெயில் காலத்திலும் மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஓட விடுங்கள், இல்லையென்றால் அடுத்த சீசனில் அடைத்துக்கொண்டு நிற்கும்.

## கரண்டில் ஓடும் பிளாக் ஹீட்டர்

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் வண்டி நிறுத்துமிடங்களிலேயே இதற்குப் பிளக் பாயின்ட் வைத்திருப்பார்கள். ஆயிரம் வாட் ஹீட்டர் மூன்று நான்கு மணி நேரம் ஓடினால் மூன்று நான்கு யூனிட், இருப்பதில் மலிவு, சுத்தம், புகை இல்லை. நம்ம லாரி நிற்கிற ரோட்டோரத்தில் அந்தப் பாயின்ட்டுக்கு எங்கே போவது? மலையில் ஒரே இடத்தில் நிற்கும் ஜெனரேட்டருக்கு இதுதான் சரி. ரிக் வண்டிக்காரர்கள் ஒரே சைட்டில் பல நாள் நிற்பதால், கரண்ட் கிடைக்கிற இடமென்றால் யோசிக்கலாம். ஆனால் லாரி எஞ்சின், கம்ப்ரசர் எஞ்சின் இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும், தண்ணீர் லைனையும் ராத்திரி வடித்துவிட வேண்டும்.

ஊட்டி, குன்னூர்க்காரர்களும் கேட்கிறார்கள். உறைபனி விழும் ஜனவரியில்கூட அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், நல்ல பேட்டரியும் கூலன்ட்டும் போதும்.

## ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், நெருப்பு

ஈதர் ஸ்ப்ரே மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், அதனால்தான் எஞ்சின் உடனே பிடிக்கிறது. பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிப்பதும் அதனால்தான். ரிங் உடையும், பிஸ்டன் ஓட்டை ஆகும். காற்றுக் குழாயில் கிரிட் ஹீட்டர் (உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பி) இருக்கிற எஞ்சினிலோ குளோ பிளக் (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) இருக்கிற எஞ்சினிலோ அடித்தால் குழாயிலேயே தீப்பிடித்து வெடிக்கும். சில பெரிய மண்வாரி இயந்திரங்களில் அளந்து விடுகிற ஈதர் கிட் கம்பெனியிலேயே வரும், அது வேறு. டப்பாவை டிரைவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழக்கம். கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் அது பம்ப்புக்கும் நாசிலுக்கும் வேண்டிய வழவழப்பைக் குறைக்கும், பிஎஸ்-6 வண்டியின் புகைச் சுத்திகரிப்பைக் கெடுக்கும், சட்டப்படி கலப்படம். பெட்ரோல் கலப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். டேங்க்குக்கு அடியில் துணி கொளுத்துவது இரும்பு டேங்க் காலத்து வேலை. இப்போது அடியில் ஓடுவது நைலான் ஏர் பைப்பும் ஒயரும். சுடுதண்ணீரைத் துணியில் நனைத்து ஃபில்டரில் சுற்றுங்கள், மெதுவாக இளகும்.

## உங்கள் வண்டிக்கு எது

காஷ்மீர் பள்ளத்தாக்குக்குச் சீசனில் ஓரிரு ட்ரிப்: கூலன்ட், பேட்டரி, அங்கே நிரப்பிய டீசல், மருந்து. குளிர் மைனஸ் எட்டைத் தாண்டினால் ஓட விடுங்கள். ஹீட்டர் வேண்டாம்.

திராஸ், கார்கில், லே பக்கம் எப்போதாவது ஒரு லோடு: மேலே சொன்னதோடு 5டபிள்யூ அல்லது 10டபிள்யூ ஆயில், ராத்திரி ஓட விடுவது, கேபினுக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம். விலை அதிகமில்லை, அது இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கமே ஓடும் வண்டி: உயரக் கிட்டோடு வாட்டர் ஹீட்டர், கேபினுக்கு ஏர் ஹீட்டர், புது ஜோடிப் பேட்டரி. புரட்டாசியிலேயே மாட்டி இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் யூரியா (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும் கரைசல்) உறைந்துவிட்டதே என்று போன் செய்கிறார்கள். அது மைனஸ் 11-இல் உறையும், எஞ்சின் சூடானதும் தானாக இளகும், ஸ்டார்ட்டிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால் போதும், உறையும்போது விரிய இடம் வேண்டும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

ஓனர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி ஓடிய டீசலை மைலேஜ் கணக்கில் சேர்த்து, "வண்டி மைலேஜ் கொடுக்கலியே, டீசல் எங்க போச்சு" என்று டிரைவர் பேட்டாவில் பிடிக்கிற பழக்கம் நம்ம பக்கம் இருக்கிறது. பிடித்தால் அடுத்த ட்ரிப்பில் அவர் எஞ்சினை அணைத்துவிட்டு மைனஸ் பதினைந்தில் கம்பளிக்குள் நடுங்குவார், காலையில் ஸ்ப்ரே தேடுவார். ட்ரிப் ஷீட்டில் 'ராத்திரி டீசல்' என்று தனியாக ஒரு வரி போட்டு, ராத்திரிக்கு இத்தனை லிட்டர் என்று வண்டி கிளம்பும்போதே பேசி எழுதிவிடுங்கள்.